ஆணியில் தொங்கிய கேபிள்

என் கிடங்குக் காவல்காரர் டிகிரி எனக்குத் தர வேண்டியிருந்தது அறுபதாயிரம். அவர் என்னிடம் கைமாற்றாக வாங்கிய பணமில்லை அது. என் குளிர்கிடங்கின் மூன்றாவது அறையில் கெட்டுப்போன ஆப்பிளுக்கான பணம். "என் காவல்ல கெட்டது முதலாளி, என் பேர்ல எழுதிக்குங்க" என்று அவராகவே தலையில் ஏற்றிக்கொண்ட கடன். மாதாமாதம் சம்பளத்தில் மூவாயிரம் பிடித்தேன். பிடித்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். வேலை நேரத்தில் தூங்கிவிட்டேன் என்று சொல்கிறவனுக்கு மாலையா போடுவார்கள்?

எங்கள் கிடங்குச் சங்கத்து மலரில் எல்லோரும் அவரவர் வளர்ந்த கதையை எழுதுகிறார்கள். என் கதையை எழுதினால் மலர் முழுக்க எனக்கே போதாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் அதை விட்டேன் என்று என் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சாக்கை நாலாக மடித்துத் தலையில் போட்டு ஐஸ் கட்டி சுமந்தவன் நான். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கட்டியில் கால்வாசி என் முதுகு வழியாக ஓடிவிடும். குளிரைச் சுமந்தால் நஷ்டம், நாலு சுவருக்குள் கட்டிப்போட்டால் லாபம் என்று எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, அந்த முதுகுதான் சொன்னது. கையெழுத்துப் போடக் கற்றது வங்கிக்குக் கடன் கேட்கப் போன அன்றைக்கு. அதைப் பார்த்த மேனேஜர் "இது என்ன படம்?" என்று கேட்டார். இப்போது அதே வங்கியில் நான் நுழைந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்கள். போகட்டும், என்னைப் பற்றி இவ்வளவு போதும். இந்தத் தடவை டிகிரியைப் பற்றி எழுதுகிறேன்.

பெயர்க் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. என்னைவிட இரண்டு வகுப்பு கூட, அவ்வளவுதான். யார் என்ன கேட்டாலும் பதிலில் ஒரு டிகிரி இருக்கும். "சாப்பிட்டியாய்யா?" என்றால் "நடுவுல இருக்கிறவ மூணு டிகிரிக்கு ஏறிட்டா, இறக்கிட்டுச் சாப்பிடறேன்" என்பார். நடுவுல இருக்கிறவள் என்றால் இரண்டாவது அறை. முதல் அறை மூத்தவள். மூன்றாவது, சின்ன அறை, கடைக்குட்டி. லோடுமேன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் "கடைக்குட்டியில எத்தனை பெட்டி?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வெளியே தார் உருகுகிற வெயிலிலும் கம்பளிச் சட்டைதான். முழங்கைக்குக் கீழே நூல் பிரிந்து தொங்கும். ஒரு தடவை புதிது வாங்கிக் கொடுத்தேன். அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு பழசையே போட்டார். கேட்டால், புதிது மகளைப் பார்க்கப் போகும்போது போடுவதற்கு என்றார். மகள் இருந்தது இதைவிட வெயில் ஊரில். அங்கே கம்பளி போட்டுக்கொண்டு போனால் நாய் துரத்தும் என்றேன். "துரத்தட்டும், அவ பாத்தா போதும்" என்றார்.

மனைவி செத்தபோது மகள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். கிடங்கில் கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவில் குழந்தையை எங்கே வைத்துக்கொள்வது? பெரியம்மா வீட்டில் விட்டார். மாதம் தவறாமல் பணம் போகும். ஆள் போவது வருஷத்துக்கு ஒரு தடவை. நான் லீவு கொடுக்காமல் இல்லை. "நான் போய்ட்டா இவங்களை யார் பாப்பா?" என்று மூன்று கதவுகளையும் காட்டுவார்.

அவர் தங்கியது இயந்திர அறைக்குப் பின்னால். ஒரு இரும்புக் கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு, தெருவைப் பார்க்காமல் மதில் சுவரைப் பார்க்கிற ஒரு ஜன்னல். கிடங்குச் சுவர்களின் கனத்துக்கு செல்போனில் சிக்னல் அந்த ஜன்னல் கட்டையில் மட்டும்தான் கிடைக்கும். அதனால் போன் எப்போதும் அங்கேயே, சார்ஜரோடு சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கூப்பிடுவாள். அதற்கு முன்னால் சவரம் செய்துகொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கட்டிலில் உட்காருவார்.

நான் ஞாயிற்றுக்கிழமையும் கிடங்குக்கு வருகிறவன். பெரிய வீடு கட்டினேன், அதில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது. இங்கே கம்ப்ரஸராவது ஓடும். ஒரு நாள் அவரைக் கேட்டேன், "பேசத்தானே போற, மூஞ்சியை யாரு பாக்கப் போறாங்க?"

"கொரல்ல தெரிஞ்சிடும் முதலாளி" என்றார்.

இப்போது கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் புரிந்த மாதிரிதான் சொல்வேன், எனக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும்.

ஒவ்வொரு அறைக்குள்ளும் சூட்டைப் பார்க்கிற ஒரு கம்பி இருக்கிறது. அது கதவுக்கு வெளியே சுவரில் இருக்கிற சின்னப் பெட்டியில் வந்து முடியும். பெட்டியிலிருந்து ஒரு கேபிள் நேராக டிகிரியின் மேசையில் இருக்கிற கம்ப்யூட்டரின் முதுகுக்குப் போகும். அறைக்கு ஒரு கேபிள், திரையில் அறைக்கு ஒரு எண். கதவைத் திறந்து பார்க்கவே வேண்டாம். திறந்தால் குளிர் போகும், குளிர் போனால் என் கரண்ட் பில் ஏறும். சரக்கு ஏற்றி மூடிய அறையை வியாபாரி வருகிற வரை திறக்கக் கூடாது என்பது என் கண்டிப்பான உத்தரவு.

இரண்டு அறைக்குப் பெட்டி தலை உயரத்தில் இருக்கிறது. கடைக்குட்டிக்கு மட்டும் முழங்கால் உயரத்தில். "மாட்டினவன் உக்காந்துகிட்டே வேலை பாத்திருப்பான்" என்பார் டிகிரி. அதனால் கதவுகளுக்கு முன்னால் இருக்கிற நடையை வாரம் ஒரு தடவை தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது, கடைக்குட்டியின் பெட்டியிலிருந்து கேபிளைப் பிடுங்கி, மேலே ஒரு ஆணியில் தொங்கவிடுவார்கள். பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்ப்பார்கள். பிடுங்கின உடனே மேசையில் கம்ப்யூட்டர் திரை சிவப்பாகி, கூவ ஆரம்பிக்கும். கழுவுகிற அம்மாள் விளக்குமாற்றை வேகமாக ஓட்டுவாள். டிகிரி அறையிலிருந்து கத்துவார்: "கடைக்குட்டி அழுவுறா, சீக்கிரம் மாட்டு." கழுவி முடித்துக் கேபிளை மாட்டினால் அழுகை நிற்கும். யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. பல வருஷம் இப்படித்தான் ஓடியது.

அந்தக் கம்ப்யூட்டர் கிழமாகிவிட்டது. திறக்கவே டீ குடித்துவிட்டு வருகிற நேரம் எடுத்துக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் டிகிரியின் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பையன் கம்ப்யூட்டர் வேலைக்காரன். ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கி, கடன் வாங்கிச் சாமான் வாங்கி, முதல் வேலைக்காகக் காத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் எங்கள் ஊருக்கே, ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், குடிவந்திருந்தார்கள். டிகிரி என்னிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார். "எங்க மாப்பிள்ளைக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேலையைக் குடுங்க முதலாளி."

கொடுத்தேன். பாதிப் பணம் முன்னால், பாதி வேலை முடிந்து ஒரு மாதம் ஓடின பிறகு. அந்தப் பின்பாதியும் அறுபதாயிரம்தான். மாப்பிள்ளை சுத்தமான வேலைக்காரன், கேபிளையெல்லாம் சீவின தலைமுடி மாதிரி அடுக்கினான். புதுக் கம்ப்யூட்டர் உள்ளங்கை அகலம்தான். விரலால் தொடுவதற்குள் திறந்தது. எண்களெல்லாம் பெரிசாக, பச்சையாக வந்தன. டிகிரி அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, வருகிற லாரிக்காரனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "எங்க மாப்பிள்ளை வச்சது."

ஆப்பிள் வியாபாரி ஒருவர் விலை ஏறட்டும் என்று கடைக்குட்டியை நிரப்பி மூடிவிட்டுப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பழ வாசனை எங்களைப் பின்னால் தள்ளியது. உள்ளே காற்றாடியில் பனி அடைத்து நின்றுபோயிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது அறை. மேல் அடுக்கெல்லாம் விரல் வைத்தால் உள்ளே போனது. வியாபாரி போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. பேசிப் பேசி ஒரு தொகைக்குக் கொண்டுவந்து, என் கையிலிருந்து கொடுத்தேன். அதில் என் நஷ்டம் போக, யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டிய பங்கு அறுபதாயிரம் என்று நான் கணக்குப் போட்டேன்.

யார்? மெஷினா, ஆளா? மெஷின் என்றால் மாப்பிள்ளையின் பின்பாதியை நிறுத்திவிடலாம். அவனை வரவழைத்தேன். முகம் வெளுத்துப்போய் வந்தான். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தான். கேபிள் மாட்டித்தான் இருந்தது. எண் சரியாக ஏறியது, இறங்கியது. ஒரு குறையும் அகப்படவில்லை. எல்லோரும் டிகிரியைப் பார்த்தோம்.

"செவப்பு வந்துச்சு முதலாளி. எனக்குக் காய்ச்சலா இருந்துச்சு. அதை அமத்திட்டுப் படுத்தேன், தூங்கிட்டேன். அப்புறம் மறந்தே போச்சு" என்றார். அதோடுதான் அந்த "என் பேர்ல எழுதிக்குங்க" வந்தது.

மாப்பிள்ளைக்கு அன்றைக்கே பின்பாதியைக் கொடுத்தேன். சொன்ன வார்த்தை மாறாதவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சும்மா வந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் டிகிரியின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. கம்ப்ரஸர் சத்தத்தில் கேட்க வேண்டும் என்று ஒலியை முழுக்க வைத்திருப்பார். மகள் பேசியது எனக்கும் கேட்டது.

"காவல் காக்கிற ஆளு தூங்கினாலும், மெஷின் வச்ச ஆளைத்தான்பா ஊரு பேசும். இப்பவே ரெண்டு பேர் அவருக்கு வேலை குடுக்க யோசிக்கிறாங்க."

"தப்புதாம்மா."

"சின்ன வயசுலருந்து, அப்பாவுக்குக் கிடங்குதான் முக்கியம், நான் இல்லைன்னு நெனச்சுகிட்டு இருந்தேன். சரி, அதையாவது ஒழுங்காப் பாத்துக்கறீங்கன்னு இருந்தேன். அதையும் பாத்துக்கலையே நீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் போன் அடிக்கவில்லை.

ரயில்பாதைக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு. கிடங்கு மாடியில் ஏறி நின்றால் அந்தத் தெருவின் தண்ணீர்த் தொட்டி தெரியும். டிகிரி போகவில்லை. போனால் வேண்டாதவர் வந்த மாதிரி ஆகிவிடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை சவரம் மட்டும் நிற்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஜன்னல் கட்டைக்குப் பக்கத்தில் உட்காருவார். மதில் சுவரில் வெயில் இறங்கி வருகிற வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார். கடைக்குட்டியோடு பேசுவதை விட்டுவிட்டார். மூத்தவளோடும் அவ்வளவாகப் பேசவில்லை. யாராவது டிகிரி கேட்டால் எண்ணை மட்டும் சொல்வார். லோடுமேன்கள் கிண்டலை நிறுத்தியது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கிண்டல் பண்ணக்கூட ஒரு உறவு வேண்டுமே.

மூவாயிரம் பிடித்ததுபோக மீதியைக் கொடுக்கும்போது எண்ணிப் பார்க்கமாட்டார், பையில் போட்டுக்கொள்வார்.

கிட்டத்தட்ட வருஷம் திரும்பப்போகிற சமயம். கழுவுகிற நாளில் நான் நடைப் பக்கம் போனேன். டிகிரியின் வலது மணிக்கட்டில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. சாக்கு கட்டுகிற துணியின் கிழிசல். அடிபட்டதா என்று கேட்டேன்.

"இல்ல, சும்மாதான்" என்று கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

கழுவுகிற அம்மாள் விளக்குமாற்றை நிறுத்தவில்லை. "சும்மா என்ன சும்மா? கேபிளைப் புடுங்கினா கட்டுவாரு, மாட்டினப்புறம்தான் அவுப்பாரு. முன்னால பொட்டியே செவப்பாவும். இப்பதான் அது அழுவுறதே இல்லையே, அதான் இவரு செவப்பாக் கட்டிக்கிறாரு."

டிகிரி அவளைப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் எனக்குக் காது இருக்கிறது. கேபிள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மேசைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். கடைக்குட்டி, இரண்டு டிகிரி. பச்சையாக, பெரிசாக. திரும்ப வந்து கேபிள் முனையைக் கையில் பிடித்துப் பார்த்தேன். அது எதிலும் மாட்டியிருக்கவில்லை என்பதற்கு என் கையே சாட்சி. மறுபடி போய்த் திரையைப் பார்த்தேன். இரண்டு டிகிரிதான். ஒரு புள்ளி நகரவில்லை.

டிகிரியை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"செவப்பு வந்துச்சுன்னு சொன்ன. எங்கேருந்துய்யா வந்துச்சு?"

அவர் மணிக்கட்டுத் துணியின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ தூங்கவே இல்ல."

"தூங்கினேன் முதலாளி."

"என்னத்தத் தூங்கின? காய்ச்சல்னு ஒரு மாத்திரை வாங்கினதாவது உண்டா?"

கடைசியில் சொன்னார். வியாபாரி திறக்க வந்த அன்றைக்குக் காலையில் வாசனை லேசாக வெளியே வர, முதலில் நடைக்கு ஓடியவர் அவர்தான். கேபிள் ஆணியில் இருந்தது. கழுவின நாளிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. அழுகைச் சத்தம் வராததால் கழுவுகிற அம்மாளுக்கும் மாட்டத் தோன்றவில்லை, இவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. திரையில் இரண்டு டிகிரி என்று இருந்ததை அவ்வளவு நாளும் நம்பி உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் வருவதற்குள் கேபிளை மாட்டிவிட்டார்.

"மாப்பிள்ளைக்கு மொத வேலை முதலாளி. மொத வேலையிலயே சரக்கு கெட்டுப்போச்சுன்னா எவன் கூப்பிடுவான்? வாங்கின சாமானுக்கு வட்டி யாரு கட்டுவா? எனக்கென்ன, நான் தூங்கினேன்னு சொன்னா ஒரு பேச்சோட போச்சு."

"ஒரு பேச்சோடயா போச்சு? பொண்ணு பேச்சையே நிறுத்திட்டாளே."

"பேசலன்னா என்ன. அவ வீட்ல அடுப்பு எரியுதுல்ல." பிறகு என் கையைப் பிடித்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அது ஒரு தடவைதான். கை கிடங்குச் சுவர் மாதிரி இருந்தது. "சொல்லிடாதீங்க முதலாளி."

நான் சரி என்று சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக யாரும் எழுத வேண்டாம். ஆளைப் பார்த்துத்தான் கடனை எழுதியிருந்தேன். அது தப்பான ஆள் பேரில் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதை விட்டுவைத்தால் நான் என்ன வியாபாரி?

நாலாவது அறை கட்டப்போகிறேன், வந்து அளந்து பார் என்று சொல்லி மாப்பிள்ளையை வரவழைத்தேன். டிகிரியை ஒரு வேலை சொல்லி எடைமேடைக்கு அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளை அளவுநாடாவோடு வந்தான்.

"அதை அப்புறம் பாக்கலாம். கடைக்குட்டி கேபிளைப் புடுங்கு" என்றேன்.

பிடுங்கினான். திரையைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். இரண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். இரண்டு. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கறுப்புக் கட்டத்தைத் திறந்து எதையோ தட்டினான். வரிவரியாக எழுத்து வந்தது. ஒரு வரியில் விரலை வைத்தான்.

"கேபிள்ல உயிர் இல்லைன்னு இங்க இருக்கு ஐயா. அட்ரஸ் மட்டும் அப்படியே நிக்குது."

எனக்குப் புரிகிற மாதிரி சொல்லாமல் நீ வெளியே போக முடியாது என்றேன். சொன்னான். கேபிள் மாட்டுகிற ஒவ்வொரு வாய்க்கும் ஒரு விலாசம் கொடுக்க வேண்டும். திரையில் எண் காட்டுகிற ப்ரோக்ராம் அந்த விலாசத்தில் உட்கார்ந்துதான் அறைப் பெட்டியோடு பேசுகிறது. கேபிளைப் பிடுங்கினால் அந்த விலாசத்தை என்ன செய்வது என்பதைக் கம்ப்யூட்டரை நடத்துகிற அடிப்படை ஏற்பாடுதான், ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறார்களே அதுதான், முடிவு செய்யும். அதில் ஒன்றுக்கு ஒன்று வழக்கம் வேறு. பழைய கம்ப்யூட்டரில் இருந்தது, கேபிளில் உயிர் போன உடனே விலாசத்தையும் பிடுங்கிவிடும். உட்கார்ந்திருந்த ப்ரோக்ராம் தொப்பென்று கீழே விழும். புதிதில் இருப்பது, கேபிள் போனாலும் விலாசத்தைத் தொடாது. நாமாகக் கொடுத்த விலாசம், நாமாக எடுக்கிற வரை இருக்கட்டும் என்று விட்டுவைக்கும். ப்ரோக்ராமுக்கு ஒன்றும் தெரியாது. எதிர்ப்பக்கம் பேச ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கடைசியாகக் கேட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு, பேசாத கேபிளில் காதை வைத்து உட்கார்ந்திருக்கும்.

எனக்குப் புரிந்துவிட்டது. முன்பக்கம் நான் நாலு கடை வாடகைக்கு விட்டிருக்கிறேன். சில கட்டடக்காரர்கள் கடைக்காரன் ஷட்டரை இறக்கின அன்றைக்கே பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுவார்கள். சிலர், ஆள் வராமல் மாதக்கணக்கானாலும், திரும்ப வந்தால் அதே இடத்தில் தொடரட்டும் என்று பலகையை விட்டுவைப்பார்கள். தெருவில் போகிறவனுக்குக் கடை இருக்கிற மாதிரியே இருக்கும்.

"ரெண்டுல எதுடா சரி?"

"ரெண்டும் சரிதான் ஐயா. கேபிள் ஒரு நொடி ஆடிச்சுன்னா அதுக்கெல்லாம் அட்ரஸ் போய்ப் போய் வந்தா எத்தனையோ எடத்துல தொல்லை. அதனாலதான் இதுல விட்டுவைக்கிறாங்க. கேபிள்ல உயிர் இருக்கான்னு ப்ரோக்ராம்தான் தனியாக் கேக்கணும். கேட்டா சொல்லும். நான் கேக்க வைக்கல."

"முன்னால கூவிச்சே, அது யாரு வச்சது?"

"யாரும் வைக்கல. ப்ரோக்ராம் கீழ விழுந்த சத்தம்தான் அது. அதை இவங்க மணியா வச்சுகிட்டு வேலை செஞ்சிருக்காங்க. எனக்கு அது தெரியாது. கேபிளைப் புடுங்குவாங்கன்னே தெரியாது." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "ஐயா, மாமா அன்னிக்குச் செவப்பு வந்துச்சுன்னு சொன்னாரே."

"சொன்னாரு. அன்னிக்குக் கேபிள் ஆணியிலதான் தொங்கிச்சு."

"அப்படின்னா இதுல செவப்பு வரவே முடியாதே."

அவன் எழுந்துபோய், காலி ஆப்பிள் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் கையிலிருந்த அளவுநாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"மீதியை நான் கட்டிடறேன் ஐயா. இதுவரைக்கும் அவர் கட்டினதையும்" என்றான்.

மீதி இருபத்தேழாயிரத்துக்குப் பதிலாக, இரண்டு வருஷம் என் கம்ப்யூட்டரைக் கூலியில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடித்தேன். பெரிய மனசு என்று யாரும் எழுதமாட்டார்கள், அதனால் நானே எழுதிக்கொள்கிறேன். கட்டிய முப்பத்து மூவாயிரத்தை என்னிடம் நீட்டாதே என்றேன். "அது எங்கேருந்து போச்சோ அங்க குடு. வீட்ல சொல்ல வேண்டியதையும் நீயே சொல்லிடு. நான் வந்து சொன்னா எப்படிச் சொல்வேன்னு உனக்குத் தெரியும்."

அன்றைக்கே ப்ரோக்ராமில் இரண்டு வரி சேர்த்தான். கேபிளைப் பிடுங்கிக் காட்டினான். திரை சிவந்து, கூவியது. எடைமேடையிலிருந்து டிகிரி அந்தச் சத்தம் கேட்டு ஓடிவந்தார். வாசலில் மாப்பிள்ளையையும் என்னையும் திரையையும் பார்த்தார். என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் என்னோடும் பேசவில்லை. நான் "எத்தனை டிகிரிய்யா?" என்று கேட்டால் திரையைக் கையால் காட்டுவார். எனக்குக் கோபம் வந்தது. உன் நன்மைக்குத்தானே செய்தேன் என்று கத்தலாம் என்றிருந்தது. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், பேசுவதற்கு இருந்த ஒரே ஆள் நான், நானும் சொல்லக் கூடாததைச் சொன்னவன். ஞாயிற்றுக்கிழமை ஒன்று போனது. போன் அடிக்கவில்லை. இன்னொன்றும் போனது. சொல்ல வேண்டியதைச் சொன்னானா இல்லையா என்று மாப்பிள்ளையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, நான் எடைமேடைப் பக்கம் நின்றிருந்தபோது ஸ்கூட்டர் வந்து நின்றது. மாப்பிள்ளை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். மகள் மட்டும் உள்ளே வந்தாள். எது வழி என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அப்பன் வேலை பார்க்கிற இடம், அவள் ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை. நான் முன்னால் நடந்து காட்டினேன்.

டிகிரி சவரம் செய்து முடித்து, காதுக்குக் கீழே நுரை ஒட்டியிருக்க, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார். அவள் கட்டிலைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், ஒரு தட்டைப் பார்த்தாள். ஜன்னல் கட்டையில் சார்ஜரோடு இருந்த போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சார்ஜ் ஏறினப்புறமும் எதுக்குப்பா சொருகியே வச்சிருக்கீங்க?"

"சும்மா, இருக்கட்டும்னுதான்."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு உறையை எடுத்தாள். அதை அப்படியே நீட்டப்போனவள், என்ன நினைத்தாளோ, உறையைக் கிழித்து நோட்டுகளை வெளியே எடுத்தாள். எல்லாம் ஆயிரம் ரூபாய் நோட்டு, அது செல்லுபடியான காலம்.

"கையை நீட்டுங்க."

"எதுக்கும்மா இதெல்லாம்."

"நீட்டுங்கப்பா."

நீட்டினார். குளிரில் வெடித்து வெடித்து ஆறின கை, ரேகை எது வெடிப்பு எது என்று தெரியாது. அவள் தன் இடது கையால் அதைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு, வாய்விட்டு எண்ணி, ஒவ்வொரு நோட்டாக வைத்தாள். முப்பத்து மூன்று என்று முடித்தபோது எனக்கும் முப்பத்து மூன்றுதான் வந்தது. காலமெல்லாம் காசு எண்ணினவன் நான், தூரத்திலிருந்தும் தப்பாது.

டிகிரி நோட்டுகளைப் பார்க்கவில்லை. தன் கைக்குக் கீழே இருந்த அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு தப்புது போலிருக்கேம்மா" என்றார். "மொதல்லருந்து எண்ணு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விரித்த அந்தக் கையில் ஒன்று என்று வைத்தாள்.